"ஃப்ளாஷ்பாயிண்ட் படிச்சியா?"

போன செமஸ்டர், மாடல் எக்ஸாமுக்கு முந்தின நாள் ராத்திரி. படிக்கிறவங்க படிச்சிட்டு இருந்தாங்க. நாங்க நாலு பேர் ஹாஸ்டல் இரண்டாவது மாடி வராண்டாவில் உட்கார்ந்து, அஞ்சு வருஷத்தில் பேட்மேன் நாலு ராபினை எப்படி வளர்த்தான் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம்.

விஷயம் தெரியாதவங்களுக்குச் சின்னதா ஒரு அறிமுகம். 2011 செப்டம்பரில் டிசி காமிக்ஸ் தன் மொத்த உலகத்தையும் ரீஸ்டார்ட் பண்ணியது. ஓடிக்கொண்டிருந்த சூப்பர் ஹீரோ சீரிஸை எல்லாம் நிறுத்திவிட்டு, 52 சீரிஸை முதல் இதழ் என்று நம்பர் போட்டு ஆரம்பித்தார்கள். 1938-ல் சூப்பர்மேன் பிறந்த ஆக்‌ஷன் காமிக்ஸுக்கே மறுபடி நம்பர் 1. இதுக்குப் பேர் நியூ 52. இந்தப் புது உலகத்தில், சூப்பர் ஹீரோ என்று சிலர் இருப்பது ஜனங்களுக்குத் தெரிய வந்தே அஞ்சு வருஷம்தான் ஆகிறது என்றார்கள். சரி, இருக்கட்டும். ஆனால் பேட்மேனின் பழைய கதைகளில் பெரும்பகுதி நடந்தது நடந்ததுதான் என்றும் சொல்லிவிட்டார்கள். டிக் கிரேசன், ஜேசன் டாட், டிம் டிரேக், கடைசியாக பேட்மேனின் சொந்த மகன் டேமியன். அவனுக்கு வயசு பத்து! ஆளுக்கு ஒண்ணேகால் வருஷம் என்று வைத்தாலும், அதுக்குள்ள ஒருத்தன் ட்ரெய்னிங் முடிச்சு, பெரியவனாகி, கோவிச்சிக்கிட்டுப் போய், இன்னொருத்தன் செத்துப் பிழைச்சு... நமக்கு ஒரு டிகிரி முடிக்கவே நாலு வருஷம். அரியர் வச்சா அஞ்சு.

பிறகு டிசியே ஒரு பேட்ச் போட்டது. டிம் டிரேக் ராபினாக இருந்ததே இல்லையாம், நேரா ரெட் ராபின் ஆகிட்டானாம். பக் சரியானதோ இல்லையோ, டிம் ரசிகர்களுக்கு வயிறெரிந்தது.

இந்தக் கணக்கு சூடாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் செகண்ட் இயர் பையன் ஒருத்தன் வந்து நின்றான். லீவில் பைக் ஆக்சிடென்ட் ஆகி, காலில் பிளேட் வைத்து, அப்போது ஊன்றுகோலோடு நடந்துகொண்டிருந்தான். வீட்டில் படுத்திருந்த நாட்களில் பேர்ட்ஸ் ஆஃப் ப்ரே பழைய இதழ்களை மொத்தமாகப் படித்திருக்கிறான். "அண்ணா, ஆரக்கிளை எதுக்குண்ணா இல்லாம ஆக்கினாங்க?"

நான்தான் சொன்னேன். "ஃப்ளாஷ்பாயிண்ட் படிச்சியாடா?"

"இல்லண்ணா."

"முதல்ல அதைப் படிச்சிட்டு வா."

மத்தவங்க சிரிச்சாங்க. அவனும் லேசாகச் சிரித்துவிட்டுப் போய்விட்டான். அப்புறம் வராண்டா பக்கம் வரவில்லை.

ஃப்ளாஷ்பாயிண்ட் என்பது 2011-ல் ஜெஃப் ஜான்ஸ் எழுதி, ஆண்டி கியூபர்ட் வரைந்த ஐந்து இதழ் கதை. ஃப்ளாஷாக இருக்கும் பேரி ஆலன், சின்ன வயசில் கொலையான தன் அம்மாவைக் காப்பாற்றக் காலத்தில் பின்னோக்கி ஓடுகிறான். அதனால் உலகமே கோணலாகிவிடுகிறது. அதைச் சரிபண்ண மறுபடி ஓடி முடிக்கும்போது பழைய உலகம் திரும்பி வரவில்லை, நியூ 52 உலகம்தான் வருகிறது. ஆக, எப்படி மாறியது என்று கேட்டால் பதில் ஃப்ளாஷ்பாயிண்ட். அவன் கேட்டது எதுக்கு என்று. வைவாவில் இப்படி ஒரு பதில் சொன்னால் எக்ஸ்டர்னல் என்ன பண்ணுவார்னு உங்களுக்கே தெரியும். நம்ம கன்டினியூட்டி விவாதங்களில் பாதி இந்த லட்சணத்தில்தான் நடக்கிறது. இதழ் நம்பர் சொல்வோம், ஈவென்ட் பேர் சொல்வோம், கேட்டவன் வாய் மூடினால் ஜெயிச்சிட்டோம்னு நினைப்போம்.

அவனுக்கு அன்னைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போ உங்ககிட்ட சொல்றேன்.

பார்பரா கார்டன், கமிஷனர் கார்டனின் மகள். 1967-ல் பேட்கேர்ளாக காமிக்ஸில் வந்தாள். பகலில் லைப்ரரியன், ராத்திரியில் பேட்கேர்ள். 1988-ல் ஆலன் மூர் எழுதி, பிரையன் பாலண்ட் வரைந்த 'தி கில்லிங் ஜோக்' வந்தது. பேட்மேன் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தவங்ககூட அதன் அட்டையைப் பார்த்திருப்பீங்க. ஜோக்கர் ஒரு கேமராவை நம்ம பக்கம் நீட்டிச் சிரிச்சிட்டிருப்பான். அந்தக் கேமரா எதுக்கு என்பது உள்ளே போனால்தான் தெரியும். பார்பரா வீட்டுக் கதவைத் திறக்கிறாள். ஜோக்கர் சுடுகிறான். குண்டு முதுகுத்தண்டைத் துளைக்கிறது. அவள் கிடக்கும் கோலத்தைப் படம் எடுத்து, அவள் அப்பாவுக்கே போட்டுக் காட்டி, அவரைப் பைத்தியமாக்கப் பார்க்கிறான். கதை ஜோக்கரைப் பற்றியது, கார்டனைப் பற்றியது, பேட்மேனைப் பற்றியது. பார்பராவுக்கு அதில் ஒரு ஆஸ்பத்திரிப் படுக்கை மட்டும்தான்.

அத்தோடு அவள் கணக்கு முடிந்திருக்கும். முடியாததற்குக் காரணம் ஜான் ஆஸ்ட்ராண்டர், கிம் யேல் என்ற எழுத்தாளர் தம்பதி. அவளை இப்படி ஒரு கதைக்குத் தீனியாகப் போட்டுவிட்டுப் போனது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அடிபட்டது நடந்ததாகவே இருக்கட்டும், அதுக்கப்புறம் அவள் என்ன பண்ணினாள் என்று யோசித்தார்கள். 1989-ல் அவர்களுடைய சூசைட் ஸ்குவாட் 23-வது இதழில், கம்ப்யூட்டர் திரையில் மட்டும் ஒரு ஆள் வருகிறார். பேர் ஆரக்கிள். யார், ஆணா பெண்ணா, ஒன்றும் சொல்லவில்லை. 38-வது இதழில்தான் அது வீல்சேரில் உட்கார்ந்திருக்கும் பார்பரா என்று காட்டினார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் மாசாமாசம் காத்திருந்து அந்தப் பக்கத்தைப் புரட்டியவர்கள் மேல் எனக்குப் பொறாமை. நாம விக்கி பார்த்துத் தெரிஞ்சுக்கிட்ட தலைமுறை.

கொஞ்சம் நம்ம கண்ணோட்டத்தில் பாருங்க. ஒருமுறை படித்தால் மறக்காத ஒரு லைப்ரரியன், இன்டர்நெட் வீடுகளுக்குள் வருவதற்கு முன்பே, தகவலையே தன் ஆயுதமாக்கிக்கொள்கிறாள். யார் எங்கே இருக்கான், எந்த அக்கவுண்ட்டில் இருந்து எங்கே பணம் போகுது, எந்தக் கட்டடத்துக்கு எத்தனை வாசல். பேட்மேனே அவளைக் கேட்டுத்தான் போவான். 1996-ல் வந்த பேட்மேன் கிரானிக்கிள்ஸ் 5-வது இதழில், ஆஸ்ட்ராண்டரும் யேலும் அவள் ஆரக்கிள் ஆன கதையைச் சொன்னார்கள். வீல்சேரில் இருந்தபடியே ரிச்சர்ட் டிராகனிடம் எஸ்க்ரிமா கம்புச்சண்டை கற்றுக்கொள்வாள். கிராண்ட் மாரிசன் எழுதிய ஜேஎல்ஏ-வில் ஜஸ்டிஸ் லீக் மெம்பரே ஆனாள். 1999-ல் பேர்ட்ஸ் ஆஃப் ப்ரே தனி மாத இதழாகி, 2003-ல் 56-வது இதழிலிருந்து கெயில் சிமோன் கைக்கு வந்தபோது, அவள் ஒரு டீமையே நடத்தும் பாஸ்.

ரெண்டு எழுத்தாளர்கள் கன்டினியூட்டியை மதித்ததால் கிடைத்தது இது. குண்டு பட்டதை மறக்காமல் வைத்துக்கொண்டு, அதன் மேல் இருபது வருஷக் கதை கட்டினார்கள். பேட்கேர்ளாக இருந்த காலத்துக்கு ஈடான காலம் அவள் ஆரக்கிளாக இருந்திருக்கிறாள். சூப்பர் ஹீரோ காமிக்ஸில் வீல்சேரில் இருக்கும் பெண் ஒருத்தி, யார் பரிதாபமும் இல்லாமல், எல்லாரையும்விட முக்கியமான ஆளாக இருந்தது எத்தனை பேருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஊன்றுகோலோடு ஒருத்தன் வந்து கேட்டபோதுகூட உறைக்கவில்லை.

2011-ல் என்ன ஆச்சு? நியூ 52-ன் பேட்கேர்ள் முதல் இதழில் பார்பரா நடக்கிறாள், குதிக்கிறாள், கூரைமேல் ஓடுகிறாள். மூன்று வருஷம் நடக்க முடியாமல் இருந்தாள், தென்னாப்பிரிக்காவில் ஒரு கிளினிக்கில் சிகிச்சை, சரியாகிவிட்டது. இதில் கவனிக்க வேண்டியது எது மிச்சம் இருக்கிறது என்பதுதான். கில்லிங் ஜோக் இருக்கிறது. கதவு திறப்பது, துப்பாக்கி, கேமரா, எல்லாம் நடந்ததுதான். ஆரக்கிளாக வாழ்ந்த வருஷங்கள்தான் பேச்சிலேயே இல்லாமல் போயின. ரெப்போவில் எவனோ ஃபோர்ஸ் புஷ் பண்ணின மாதிரி. பக் இருந்த கமிட் அப்படியே இருக்கு, அதை ஃபிக்ஸ் பண்ணின கமிட் எல்லாம் காலி.

எதிர்த்தரப்பையும் சொல்லாமல் விட்டால் அது நேர்மையில்லை. இந்தப் புது பேட்கேர்ளை எழுதியது வேறு யாரும் இல்லை, அதே கெயில் சிமோன். காமிக்ஸ் எழுத வருவதற்கு முன்பு 1999-ல், ஹீரோக்களுக்குக் கோபம் வரவழைப்பதற்காகவே கொல்லப்பட்ட, முடக்கப்பட்ட பெண் கேரக்டர்களை லிஸ்ட் போட்டு 'விமன் இன் ரெஃப்ரிஜிரேட்டர்ஸ்' என்ற தளத்தை ஆரம்பித்தவர் அவர். கிரீன் லான்டர்னின் காதலியைக் கொன்று ஃப்ரிட்ஜில் வைத்த 1994 இதழிலிருந்து அந்தப் பேர் வந்தது. லிஸ்ட்டில் பார்பராவும் உண்டு. அவளுக்கு நடந்தது அநியாயம் என்றால், அதைத் துடைத்து அவளை எழுப்பி நிற்க வைப்பது நியாயம்தானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். செத்தவனே லாசரஸ் குழியில் முங்கி எழுந்து வரும் ஊரில், இவளுக்கு மட்டும் ஏன் வைத்தியம் கிடையாது? இது நல்ல கேள்வி. அதுவும் இல்லாமல், நானே நியூ 52 வழியாக உள்ளே வந்தவன். ஸ்காட் ஸ்னைடர், கிரெக் கபுல்லோ கூட்டணியின் 'கோர்ட் ஆஃப் அவுல்ஸ்'தான் என் முதல் பேட்மேன். நம்பர் 1 என்று போட்டிருந்ததால்தான் எடுத்தேன். ரீஸ்டார்ட்டே கூடாது என்று நான் சொன்னால் அது அழுகுணி ஆட்டம்.

ஆனால் எனக்கு இது சமாதானம் ஆகவில்லை. பார்பராவை நடக்க வைத்ததில் எனக்குச் சண்டை இல்லை. அவள் ஆரக்கிளாக இருந்து, பிறகு சிகிச்சை எடுத்து, எதை விடுகிறோம் எதை எடுக்கிறோம் என்று அவளே முடிவு பண்ணியிருந்தால் அது கதை. இங்கே அவளுக்கு நேர்ந்ததை மட்டும் வைத்துக்கொண்டு, அவள் செய்ததை எடுத்துவிட்டார்கள். அந்தப் பையன் கேட்ட 'எதுக்கு'க்கு எனக்குத் தெரிந்த நேர்மையான பதில் இதுதான்: கதைக்குள்ளே காரணமே கிடையாது. பேட்கேர்ள் என்றால் வெளியுலகத்துக்குத் தெரிந்த முகம் பார்பரா, அந்த முகத்தோடு ஒரு நம்பர் 1 வேண்டியிருந்தது. அதற்குள் பேட்கேர்ளாகவே வளர்ந்திருந்த கசாண்ட்ரா கெயினும் ஸ்டெஃபனி பிரவுனும் ஓரங்கட்டப்பட்டார்கள். அது தனிக் கட்டுரைக்கான வயித்தெரிச்சல்.

"காமிக்ஸ் தானே, எதுக்கு இவ்வளவு டென்ஷன்?" என்று கேட்கும் ரூம்மேட் உங்களுக்கும் இருப்பான். எனக்கு அப்பா. அவர் முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர். 'ஸ்பைடர்' என்று நான் ஆரம்பித்தாலே லயன் காமிக்ஸில் வந்த பிரிட்டிஷ் ஸ்பைடரைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். அது முழுக்க வேற ஆள், முதலில் வில்லன். 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழில் வந்த இரும்புக்கை மாயாவிக்கு வயசு என்ன, ஒரு கதையில் அழிந்தது அடுத்த கதையில் எப்படி இருக்கிறது என்ற சந்தேகமெல்லாம் அவருக்கு வந்ததே இல்லை. ஒரு புத்தகம், ஒரு கதை, முடிஞ்சுது. அதுவும் ஒரு சந்தோஷம்தான், நான் மறுக்கலை. ஆனால் அமெரிக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸ் நம்மகிட்ட விற்பது வேற சரக்கு. "இது எல்லாம் ஒரே வாழ்க்கை, ஒண்ணுவிடாம வாங்கு" என்று சொல்லித்தான் விற்கிறார்கள். 1973-ல் க்வென் ஸ்டேசி பாலத்தில் செத்தது ஸ்பைடர்மேன் ரசிகனுக்கு இன்றும் வலிக்கிறது என்றால், அடுத்த இதழில் அவள் சாதாரணமாக டீ குடித்துக்கொண்டிருக்கவில்லை என்பதால்தான். வாக்குக் கொடுத்தவன் அதை மீறும்போது கேட்கிற உரிமை வாசகனுக்கு உண்டு.

அதனால்தான் 'ஒன் மோர் டே' பேரைச் சொன்னாலே ஸ்பைடர்மேன் ரசிகர்கள் பல்லைக் கடிக்கிறார்கள். 1987-ல் பீட்டருக்கும் மேரி ஜேனுக்கும் கல்யாணம். 2007-ல், குண்டடிபட்ட ஆன்ட் மேயைப் பிழைக்க வைக்க, மெஃபிஸ்டோ என்ற பிசாசிடம் தங்கள் கல்யாணத்தையே கொடுத்துவிடுகிறார்கள். இருபது வருஷம் யாருக்கும் ஞாபகத்திலேயே இல்லாமல் போகிறது. கல்யாணமான ஸ்பைடர்மேன் வயசானவனாகத் தெரிகிறான் என்பது அன்றைய மார்வெல் தலைமை எடிட்டர் ஜோ கெசாடாவின் கவலை. டைவர்ஸ் பண்ணினால் இன்னும் வயசானவனாகத் தெரிவான், அதனால பிசாசு! இதில் லாஜிக் ஓட்டை எங்கே என்று தேடுவது வீண் வேலை. பிசாசு செய்தது என்றால் எல்லா ஓட்டையும் அடைபட்டுவிடும். வலிப்பது வேறு இடத்தில்.

அதே மாதிரி கன்டினியூட்டியை மீறினாலே தப்பு என்றும் இல்லை. கேப்டன் அமெரிக்காவின் கூட்டாளி பக்கி இரண்டாம் உலகப் போரில் செத்துவிட்டான் என்று 1964-ல் அவெஞ்சர்ஸ் 4-வது இதழில் சொன்னார்கள். (அதுவே ஒரு ரெட்கான். போர் முடிந்த பிறகு வந்த கேப்டன் அமெரிக்கா இதழ்களிலும் பக்கி சுற்றிக்கொண்டுதான் இருந்தான்.) காமிக்ஸில் பக்கி, ஜேசன் டாட், அங்கிள் பென் தவிர செத்தவன் எவனும் செத்தே இருக்க மாட்டான் என்று ஒரு பழைய ஜோக் உண்டு. 2005-ல் முதல் ரெண்டு பேரும் ஒரே வருஷத்தில் திரும்பி வந்தார்கள், ஜோக்கும் செத்தது. பக்கியை வின்டர் சோல்ஜராக எட் புரூபேக்கர் கொண்டுவந்தபோது, இது உருப்படாது என்றுதான் நிறைய பேர் நினைத்தார்கள். படித்தால், கேப்டன் நாற்பது வருஷமாகச் சுமந்த குற்ற உணர்ச்சி அதில் குறையவே இல்லை, ரெண்டு மடங்காகிறது. நம்ம ஊர் தியேட்டரிலும் விசில் வாங்கிய 2014 படம் அங்கேயிருந்து வந்ததுதான்.

ரெட்கான் என்ற வார்த்தையே எப்படிப் பரவியது தெரியுமா? 1983-ல் ராய் தாமஸ் எழுதிவந்த ஆல்-ஸ்டார் ஸ்குவாட்ரன் இதழின் வாசகர் கடிதப் பக்கத்தில் 'ரெட்ரோஆக்டிவ் கன்டினியூட்டி' என்று அச்சானது. அதை ஒரு வாசகர் சொல்லித்தான் கேள்விப்பட்டேன் என்றார் அவர். அதுக்கும் முன்னாடி, 1960-களில் மார்வெலில் ஸ்டான் லீ 'நோ-பிரைஸ்' என்று ஒன்று ஆரம்பித்தார். முதலில் தப்பு கண்டுபிடித்து எழுதினவங்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். பிறகு விதி மாறியது: தப்பைச் சொன்னால் மட்டும் போதாது, அது ஏன் தப்பே இல்லை என்று நம்பும்படி ஒரு விளக்கமும் சேர்த்து எழுதணும். ஜெயித்தவருக்குத் தபாலில் ஒரு கவர் வரும். உள்ளே ஒண்ணும் இருக்காது. அந்தக் காலி கவருக்காகப் பசங்க ராத்திரி உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். எனக்கு இந்த விவாதத்தில் பிடித்ததே இதுதான். கதையில் ஓட்டை விழுந்தால், அது நம்ம கதை என்ற உரிமையில் நாமே அடைக்கப் பார்ப்பது. நாலு ராபின் கணக்கும் அந்தச் சந்தோஷத்துக்காகத்தான் போட்டோம். எப்போது அது நுழைவுத்தேர்வாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. வாங்கப்பா என்று கூப்பிட வேண்டிய இடத்தில் கட்-ஆஃப் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அதில் முதல் குற்றவாளி இதை எழுதுகிறவன்தான்.

எக்ஸாம் எல்லாம் முடிந்து, லேப் ரெக்கார்டில் கையெழுத்து வாங்கின அன்னைக்கு அவன் ரூமுக்குப் போனேன். ஊன்றுகோல் கதவு மூலையில் சாய்ந்திருந்தது, அவன் அது இல்லாமலேயே மெதுவாக நடந்து வந்து கதவைத் திறந்தான். 2016-ல் ரீபர்த் வந்த பிறகு பார்பரா முன்பு ஆரக்கிளாக இருந்தாள் என்று டிசி மறுபடி ஒத்துக்கொண்டது, சமீப வருஷங்களில் அவள் திரும்பவும் அந்த வேலையைச் செய்கிறாள் என்றெல்லாம் சொல்லத் தயாராகப் போயிருந்தேன். பேட்மேன் கிரானிக்கிள்ஸ் 5-ம் டேப்பில் எடுத்து வைத்திருந்தேன்.

"அது படிச்சிட்டேண்ணா," என்றான். "ஃப்ளாஷ்பாயிண்ட்டும் படிச்சிட்டேன். அதுல பார்பரா கதை எங்கண்ணா இருக்கு?"

"இல்லடா. அன்னைக்கு நான் சொன்னது தப்பு."

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் அவனே கேட்டான். "பேன் பேட்மேன் முதுகை உடைச்சது 1993-ல தானே? அடுத்த வருஷமே எழுந்து குதிச்சான்ல? அதே ஊரு, அதே டாக்டருங்க. அவனுக்கு ஒரு வருஷம், இவளுக்கு இருபது வருஷமா?"

பேட்மேனைக் குணமாக்கியது ஷோண்ட்ரா கின்சால்விங் என்ற டாக்டரின் மனோசக்தி, அவள் மனசு அதோடு உடைந்துபோய்விட்டது, அதனால் பார்பராவுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது என்று நான் ஆரம்பித்தேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. மெஸ் மூடுகிற நேரம் தாண்டியும் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது தினமும் வராண்டாவுக்கு வருகிறான், காலி கவர் இன்னும் யாருக்கும் கிடைத்தபாடில்லை. உங்ககிட்ட நல்ல விளக்கம் இருந்தா இரண்டாவது மாடிக்கு வாங்க. எந்த இதழ் படிச்சிருக்கீங்கன்னு கேட்க மாட்டோம்.